மதகடியில் மேடு இல்லை

தஞ்சாவூர்
14.10.1973

தங்களுக்கு மங்களாம்பிகை எழுதுவது. இங்கே மகன் கலியபெருமாள், மருமகள், பேத்தி எல்லாரும் சுகம். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று அவன் சொன்னான். அந்த வரைக்கும் சரி.

மூன்று பொங்கலாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறாளே என்று எண்ண வேண்டாம். ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்த நாளெல்லாம் ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்து வைத்தது நான்தான். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் கோபமாகவே இருக்கட்டும். மாரடைப்பு வந்த மனுஷரைக் கோபத்துக்காகக் கைவிடுகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை.

இங்கேயே இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று மகன் கெஞ்சினான். சம்பா நடவு என்று சொல்லிக் கிளம்பிவிட்டீர்கள். போகட்டும். டாக்டர் சொன்னதை நீங்கள் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தினமும் காலையில் நடக்க வேண்டும். எவ்வளவு தூரம், என்ன வேகம் என்று தெரிந்துகொள்ள மூன்று வழி சொன்னார். ஒன்று, இங்கிருந்து அங்கே என்று எல்லை வைத்துக்கொண்டு, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போவது. இன்னொன்று நாடி. நடந்து நின்றதும் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். நிமிஷத்துக்கு நூற்றுப்பத்தைத் தாண்டினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மூன்றாவது மூச்சு. கூட ஒருவர் பேசிக்கொண்டே வர வேண்டும். பேச்சு முட்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எது ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும் என்றார்.

நான் எப்போது வீட்டுக்கு வருவேன் என்று கேட்டு எழுத வேண்டாம். அதில் மாற்றம் இல்லை. நடராசன் இருபது வருஷம் குத்தகைக்கு உழுத நிலம் அது. அவன் குத்தகைக்காரனே இல்லை, வெறும் கூலியாள் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தீர்கள். போலீஸை வரப்பில் நிறுத்தி, வெளியூர் ஆட்களை விட்டு, அவன் விளைவித்த நெல்லை அறுத்தீர்கள். அன்றைக்குக் கிளம்பினவள் நான். அந்த வழக்கு இருக்கிறவரை அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

உறைமேல் உங்கள் பெயரைப் பேத்தி அம்சவல்லி எழுதுகிறாள். என் கையால் எழுதுகிற வழக்கம் இல்லையே.

மங்களாம்பிகை


ஆலங்கரை
23.10.73

மங்களத்துக்கு ஆசி.

கடிதம் வந்தது. நான் தூரத்தையே எடுத்துக்கொண்டேன். நாடி பிடிப்பதும் பேசிக்கொண்டு நடப்பதும் எனக்கு ஆகாது. வீட்டிலிருந்து வரப்போடு மதகு வரை, மதகிலிருந்து திரும்பி வீடு. முதல் நாள் அரை மணிக்கு மேல் ஆயிற்று. இப்போது இருபது நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன். டாக்டரிடம் சொல்.

ஒரே ஒரு தொந்தரவு. வேலை இல்லாமல் நடக்கிறவனை இந்த ஊர் பார்த்ததில்லை. "எங்கங்க, இவ்ளோ விடியக்காலம்?" என்று எதிரே வருகிறவன் எல்லாம் நிறுத்துகிறான். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "சும்மா, வயலப் பாக்க" என்று சொல்லிவிடுகிறேன். வெறுங்கையோடு போனால் நன்றாக இல்லை என்று குடையையும் எடுத்துக்கொள்கிறேன்.

நடவு முடிந்தது. தண்ணீர் போதும்.

சாரங்கபாணி


தஞ்சாவூர்
28.10.1973

தங்களுக்கு.

உங்கள் கடிதத்தை டாக்டரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் நடக்கறாரா, ரேக்ளா வண்டி ஓட்டறாரா?" என்று கேட்டார். தூரத்தை வைத்து நடக்கிறவர்களுக்கு எல்லாம் இந்த வியாதி வருமாம், நேற்றையவிட இன்று சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று. அடிபட்ட நெஞ்சுக்கு அது ஆகாது. எனக்குத் தெரியும் உங்களைப் பற்றி. தனியாக ஓடினாலும் யாரையாவது ஜெயிக்க வேண்டும் உங்களுக்கு.

ஆகையால் இனி நாடிதான். கலியபெருமாள் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, ஊர்ப்பக்கம் வருகிறவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். வினாடி முள் உள்ளது. கட்டைவிரலால் பிடிக்கக் கூடாது. கட்டைவிரலிலும் ஒரு துடிப்பு உண்டு, கணக்குக் கெட்டுவிடும். நடு இரண்டு விரல் போதும். புறப்படும்போது, நடுவழியில், மதகடியில், திரும்பும்போது என்று நின்று நின்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அம்சவல்லி பள்ளிக்கூட ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் தாண்டிவிட்டாள். கால் என் பிறந்த வீட்டுக் கால். இதை நான் சொன்னால் மருமகளுக்கு முகம் சுண்டுகிறது.

மங்களாம்பிகை


ஆலங்கரை
9.11.73

மங்களத்துக்கு ஆசி.

கடிகாரம் வந்து சேர்ந்தது. பத்து நாளாகப் பார்க்கிறேன். வாசலில் எண்பது. பிள்ளையார் கோயிலில் நூறு. மதகடியில் நூற்று முப்பது. திரும்பிப் பிள்ளையார் கோயிலுக்கு வந்தால் மறுபடி நூறு. தினமும் இதேதான், வேகம் மாறவில்லை. மதகடியில் வரப்பு கொஞ்சம் மேடு, ஏறும்போது மூச்சு வாங்குகிறது. அதனால் கவலைப்பட ஒன்றுமில்லை.

மழை பிடித்திருக்கிறது.

சாரங்கபாணி


தஞ்சாவூர்
14.11.1973

தங்களுக்கு.

மதகடியில் மேடு கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடவாட்களுக்குக் கஞ்சிப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வரப்பில் நடந்தவள் நான். மேடு இருந்தால் என் கழுத்துக்குத் தெரியும்.

மதகடியில் இருப்பது நடராசன் வயல். அங்கே என்ன நடக்கிறது? டாக்டருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். மறைக்காமல் எழுதுங்கள்.

மங்களாம்பிகை


ஆலங்கரை
22.11.73

மங்களத்துக்கு.

மறைக்க ஒன்றுமில்லை. உனக்கு எழுதிப் பயமுறுத்துவானேன் என்றுதான் விட்டேன். மதகடியில் ஆட்கள் நிற்கிறார்கள். தோளில் சிவப்புத் துண்டு, கையில் அரிவாள். நான் வருவதற்கு முன்னால் வந்துவிடுகிறார்கள். ஒருவனும் வாய் திறப்பதில்லை. நான் திரும்பினால் அவர்களும் கலைந்து போகிறார்கள். முன்னால் நிற்பது நடராசன். பூவம்மாளும் வந்து நிற்கிறாள், புருஷனுக்குப் பக்கத்தில்.

வெட்டுவதானால் வெட்டட்டும். நடையை நிறுத்தினால் சாரங்கபாணி பயந்துவிட்டான் என்று ஊர் பேசும். போலீசுக்கு ஒரு மனு எழுதிப் போடலாமா என்று வக்கீலைக் கேட்டிருக்கிறேன்.

சாரங்கபாணி


தஞ்சாவூர்
25.11.1973

தங்களுக்கு அவசரமாக எழுதுவது.

போலீசுக்கு எழுதாதீர்கள். இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு யோசியுங்கள்.

அந்த வருஷம் அறுப்புக்கு முந்தின வாரம் நீங்கள் என்ன செய்தீர்கள்? விடியற்காலத்தில் குடையை எடுத்துக்கொண்டு மதகு வரை போய், கதிர் முற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தீர்கள். அதற்குப் பிறகுதான் போலீஸ் வந்தது. இப்போது அதே நேரத்தில், அதே குடையோடு, அதே வரப்பில் போகிறீர்கள். கேட்கிறவனிடம் எல்லாம் வயலைப் பார்க்க வந்தேன் என்று உங்கள் வாயாலேயே சொல்கிறீர்கள். போதாததற்குக் கடிகாரத்தை வேறு பார்த்துக்கொண்டு அவன் வயலடியில் நிற்கிறீர்கள். அவன் என்ன நினைப்பான்? இந்தப் பயிரையும் அள்ளிக்கொண்டு போக நாள் குறிக்கிறார் என்று நினைக்க மாட்டானா?

உங்களைப் பார்த்து அவர்களுக்குப் பயம். அவர்களைப் பார்த்து உங்கள் நாடி ஓடுகிறது. இதில் மேடு எங்கே வந்தது?

டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பயமும் கோபமும் நாடியில் ஏறிக்கொள்ளும், அந்த எண்ணிக்கையை நம்பி நடையின் வேகத்தை வைக்க முடியாது, கடிகாரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு யாரோடாவது பேசிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள் என்றார். அந்த ஊரில் உங்களோடு பேச யார் இருக்கிறார்கள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

நடராசனிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு நெஞ்சு நோய், டாக்டர் நடக்கச் சொன்னார் என்று. இவ்வளவுதான். கௌரவம் குறைந்துவிடும் என்று நினைப்பீர்கள். குறையட்டுமே.

மங்களாம்பிகை


ஆலங்கரை
18.12.73

மங்களத்துக்கு ஆசி.

சொல்லிவிட்டேன். மூன்று நாள் வாய் வரை வந்து திரும்பிப் போயிற்று. நாலாம் நாள் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். "நடராசா, நான் வயல் பாக்க வரல. நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். டாக்டர் நடக்கச் சொன்னார்" என்றேன். ஒருவனும் நம்பவில்லை. பின்னாலிருந்து எவனோ, "புதுசா நாடகம் கட்டறாரு" என்றான். பூவம்மாள்தான், "அய்யா மொகத்தப் பாருங்க, வெளுத்துல்ல கெடக்கு" என்றாள்.

நான் கையை நீட்டினேன். பிடித்துப் பார் என்றேன். நடராசன் என் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் கை என்மேல் பட்டதில்லை. அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தான். "என்னங்க இது, தவக்களையாட்டம் குதிக்குது" என்றான்.

மறுநாள் அவன் மட்டும்தான் இருந்தான். கூடவே வந்தான். காவலுக்குத்தான் வருகிறான், எனக்குத் தெரியாதா? வரப்பில் ஒருவர் பின்னால் ஒருவர்தான் போக முடியும். பின்னால் வருகிறவனோடு பேசத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கால் இடறிற்று. வாய்க்கால் கரையில் வண்டிப்பாதைக்கு மாறினோம். அங்கேயும் பின்னாலேயே வந்தான். "பக்கத்துல வா, பேசிக்கிட்டே நடக்கணுமாம்" என்றேன். வந்தான். "பேசிக்கிட்டே நடக்கணும்னா பேசிருவோம்ங்க. எதப் பேச? கேஸப் பேசுவமா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழையைப் பேசினோம், பூச்சியைப் பேசினோம், யூரியா கிடைக்காததைப் பேசினோம். முன்னே வாங்கின மூச்சு இப்போது வாங்குவதில்லை. வேகம் கூடினால் பேச்சு முட்டுகிறது, அவனே "மெள்ளங்க" என்கிறான்.

நேற்று நானாகத்தான் கேட்டேன். "அந்த வருஷம் நெல்லு போன பொறவு எப்படிச் சமாளிச்சே?"

"பெரியவள வேலைக்கு அனுப்பிட்டோம்ங்க. திருச்சியில ஒரு வீட்ல. இன்னும் அங்கதான் இருக்கு."

மெதுவாகத்தான் நடந்துகொண்டிருந்தோம். எனக்குப் பேச்சு வரவில்லை. "ஒக்காருங்க அய்யா" என்று கரையில் உட்காரவைத்தான். வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

நீ வா மங்களம். நீ வந்தால் வழக்கை வாபஸ் வாங்கிவிடுகிறேன்.

சாரங்கபாணி


தஞ்சாவூர்
22.12.1973

தங்களுக்கு.

நடராசனின் மூத்தவள் அமிர்தத்தை வேலைக்கு அனுப்பினது எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு அப்போது நம் அம்சவல்லி வயது. நம் கொல்லையில் பூப்பறிக்க வரும். நான் தலை பின்னிவிட்டிருக்கிறேன். கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே யாரிடமும் சொல்லவும் இல்லை.

நான் வந்தால் வாபஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை விலையாக வைக்காதீர்கள். அது நடராசனுக்கு நீங்கள் செய்ய வேண்டியது. எனக்குச் செய்கிற உபகாரம் இல்லை. இன்றைக்கு நான் வந்து, நாளைக்கு நம் இருவருக்கும் சண்டை வந்து நான் மறுபடி கிளம்பினால், மறுபடி வழக்குப் போடுவீர்களா? நெஞ்சு நோயைச் சொன்னதும் அரிவாளைக் கீழே வைத்தான் அவன். நீங்கள் இன்னும் கையில் வைத்துக்கொண்டுதான் அவன் பக்கத்தில் நடக்கிறீர்கள்.

நன்றாக நடக்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம். அதை டாக்டரிடமும் சொன்னேன். நான் வரவில்லை.

மங்களாம்பிகை


ஆலங்கரை
4.1.74

மங்களத்துக்கு.

நேற்றுக் கும்பகோணம் போய் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டேன். குத்தகைக்காரர் என்று நடராசன் பெயரைப் பதிவு செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். "புத்தி கலங்கிருச்சாங்க உங்களுக்கு?" என்றார் வக்கீல். கோர்ட் மாடிப்படி செங்குத்து. நடராசன் படிக்குப் படி என்னை நிறுத்தி ஏதாவது பேசச் சொன்னான்.

தை பிறந்ததும் அவன் நெல்லை அவன் அறுப்பான். அறுப்பு முடிகிறவரை நான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. கோயில் தெருவோடு நடந்துகொள்கிறேன். என்னைக் கண்டால் கதிர் அறுக்கிறவர்களுக்குக் கை ஓடாது.

நீ வருவதும் வராததும் உன் முடிவு.

சாரங்கபாணி


தஞ்சாவூர்
8.1.1974

தங்களுக்கு மங்களாம்பிகை எழுதுவது. எல்லாரும் சுகம்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிடுங்கள்.

நேரே நம் வீட்டுக்குப் போகப்போவதில்லை. முதலில் பூவம்மாள் வீட்டுக்கு. நீங்களும் கூட வர வேண்டும். அமிர்தத்தைப் பொங்கலுக்குள் அழைத்துவந்துவிடலாம் என்று கலியபெருமாள் திருச்சிக்குப் புறப்பட்டு நின்றான். பெற்றவர்களைக் கேட்காமல் போகக் கூடாது என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். அதைக் கேட்க வேண்டும். கூட்டிவாருங்கள் என்றாலும் சரி, உங்கள் தயவு வேண்டாம் என்றாலும் சரி, நாம் எதிர்ப்பேச்சுப் பேசக் கூடாது.

பூவம்மாள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே வாருங்கள் என்று சொல்லாவிட்டால் வாசலில் நிற்போம். நீங்கள் அதிகம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கையோடு ஒரு பாய் கொண்டுவருகிறேன். நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், நான் நிற்கிறேன்.

அவர்கள் போகச் சொன்ன பிறகு நம் வீட்டுக்குப் போவோம்.

மங்களாம்பிகை