விரிப்பு போர்த்திய பவளத் தொட்டி

ரூசே
அக்டோபர், ஞாயிறு

அன்பு மகள் தெமெனுகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி பென்காவும் சுகம் என்று எழுதினால்தான் கடிதம் தொடங்கும், அதனால் எழுதிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போடுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலமா? அம்மாவின் அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று நீ புலம்பிக்கொண்டே இருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். இந்த நிலையில் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு யார் உன்னைக் குறை சொல்வார்கள்? நான் பக்கத்திலேயே நின்றேன், எனக்கே ஒன்றும் தோன்றவில்லை. பாதிரியார் ஜிவ்கா என்று அம்மாவின் பெயரைச் சொல்லி ஓதிக்கொண்டிருந்தபோது அவர் அங்கியில் காய்ந்திருந்த மெழுகுச் சொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு மரத்துக் கிடக்கிறது. இது நல்லதில்லை என்று தெரிகிறது, ஆனால் தெரிவதோடு சரி.

போனில் நீ, அம்மா கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த பவளங்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டாய். நான் போனைச் சித்தியிடம் கொடுத்தேன், அவளும் பேச்சை மாற்றிவிட்டாள். மறுபடி கூப்பிட்டபோது, உங்களால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் தொட்டியைப் பல் டாக்டர் ஒக்னியானிடம் கொடுத்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிடுங்கள் அப்பா என்றாய். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் என்றால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

நடந்தது இதுதான். அம்மா போன அன்று காலையிலேயே பென்கா வந்து, நம் வழக்கப்படி வீட்டில் இருந்த கண்ணாடிகளை எல்லாம் துணியால் மூடினாள். குளியலறைக் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, டி.வி.கூட. பிறகு கூடத்துக்கு வந்தாள். தொட்டியின் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்திருக்கிறது. "சாவு விழுந்த வீட்ல இதுக்கு மட்டும் ஊதா லைட்டு கேக்குதா? என்ன டான்ஸ் ஹாலா இது?" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டு, உன் கட்டிலில் கிடந்த கனத்த விரிப்பை எடுத்து மேலே போர்த்திவிட்டாள். நான் சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணாடி என்றால் மூடவேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்ததால் மீன்கள் பிழைத்தன, பென்காவே விரிப்பைத் தூக்கி அவற்றுக்குத் தீனி போட்டாள். பவளத்துக்கு வெளிச்சம்தான் பாதிச் சாப்பாடு என்பது எங்கள் இருவருக்கும் நினைவில்லை.

ஒன்பதாம் நாள், செத்தவர்கள் நினைவாகக் கொடுக்கும் சர்க்கரை போட்ட கோதுமை சாப்பிட ஒக்னியான் வந்தான். அம்மாவோடு சேர்ந்து பவளம் வளர்த்தவன் ஆயிற்றே. தட்டைக் கையில் வாங்கியவன் கூடத்தைப் பார்த்ததும் அப்படியே வைத்துவிட்டான். "யாருக்குங்க தோணுச்சு இது? கண்ணாடின்னு நெனச்சு கடலையே மூடிட்டீங்களே!" என்று விரிப்பை இழுத்தான். பிறகு அம்மாவின் பெட்டியைத் திறந்து தண்ணீரைச் சோதித்தான். காரத்தன்மை எட்டரைக்கு மேல் போனால் அம்மா முகம் சுளிப்பாள், உனக்குத் தெரியும். பதின்மூன்றைத் தாண்டியிருந்தது. காரக் கரைசலையும் சுண்ணாம்புச் சத்தையும் சொட்டுச் சொட்டாக விடும் அந்தச் சின்னப் பம்புகளை யாரும் நிறுத்தவில்லையே. வெளிச்சத்தில்தான் பவளம் அதை எல்லாம் எடுத்துத் தன் எலும்பைக் கட்டும், இருட்டில் அநேகமாகத் தொடாது. சாப்பிட ஆளில்லாத பந்தியில் பரிமாறிக்கொண்டே இருந்த கதைதான். முன் மூலையில் இருந்த பச்சைக் கிளைப் பவளம் முழுக்க வெளுத்துச் சதை உரிந்து தொங்கியது. அதை எடுத்தபோது வந்த நாற்றம் இன்னும் என் சட்டையில் இருக்கிறது. ஒக்னியான் நகம் அளவுக்கு உடைத்துக் கொடுத்து, அம்மா கை அகலத்துக்கு வளர்த்தாளே அந்த ரோஜா நிறப் பவளம், அது சாகவில்லை, ஆனால் நுனி எல்லாம் கருகி, அதன் மேல் பூப் பூவாக விரிந்திருக்கும் உயிர்கள் உள்ளே போய்விட்டன. வெறும் கல்லாக நின்றது.

பென்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்கு மரியாதை செய்யப் போய் அக்கா வளர்த்ததைக் கொன்றுவிட்டேனே என்று அவள் அழுதபோதும் எனக்கு அழுகை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து சமையலறைக்குப் போய் வினிகர் பாட்டிலோடு வந்தாள். "கெட்டில்ல ஒரு மூடி விட்டா சுண்ணாம்பு எல்லாம் போயிடுதே அத்தான், இதுல ஒரு பாட்டில் ஊத்தினா என்ன?" என்றாள். ஒக்னியான் பாய்ந்து அதைப் பிடுங்கினான். "தாயே, அதை சாலட்டுக்கு வெச்சுக்கோங்க. ஏறினது ஒரு அடின்னா சட்டுனு எறக்கறது அதைவிடப் பெரிய அடி. நாளைக்கு அரைப் புள்ளி எறங்கினாப் போதும், மெதுவா, மெதுவா" என்றான். இப்போதே எடுத்துப்போய் உன் தொட்டியில் வைத்துக்கொள்ளேன் என்று கேட்டேன். இந்த நிலையில் இடம் மாற்றினால் மிச்சமும் போய்விடும், தேறிய பிறகு பார்க்கலாம், அதுவரை நீங்கள்தான் பார்க்கவேண்டும் என்றான்.

நானா? வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவன், அம்மா என்னை அதன் பக்கத்திலேயே விட்டதில்லை. "உங்க டீசல் கையை என் தண்ணிக்குள்ள விடாதீங்க" என்பாள், ஓய்வு பெற்ற பிறகும் அதையே சொன்னாள். இப்போது தினமும் காலையில் சோப்பு போடாமல் கை கழுவிக்கொண்டு, ஊசிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சீசாவில் விட்டு மருந்தைச் சொட்டுகிறேன். நீலம் மஞ்சளாக மாறும்வரை சொட்டவேண்டும். சொட்டுக்கு அரைப் புள்ளி காரம். ஒக்னியான் சொன்னபடி காரப் பம்பை நிறுத்திவிட்டேன். வடிகட்டிய தண்ணீரில் உப்புக் கலந்து, உப்பின் அளவும் சூடும் தொட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் ஊற்றுகிறேன். விளக்கையும் ஒரேயடியாகப் போடக்கூடாதாம், இருட்டிலிருந்து வந்ததை வெளிச்சமே சுட்டுவிடும் என்று முதலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். எந்த ஆசையும் வைத்துச் செய்யவில்லை மகளே. பிழைத்தாலும் சரி, செத்தாலும் சரி என்றுதான் இருந்தது. எழுந்தால் ஒரு வேலை இருக்கிறது, செய்தேன். பென்கா மட்டும் ஒவ்வொரு நாளும் வாசலில் நுழையும்போதே "எவ்ளோ அத்தான்?" என்று கேட்பாள். பதினொன்று, பத்தரை என்று சொல்வேன். செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போன வியாழக்கிழமை காரம் எட்டரைக்கு இறங்கிவிட்டது. பென்கா உள்ளே குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் சோதனைச் சீசாவைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பும்போது ரோஜா நிறப் பவளத்தின் அடிப்பக்கத்தில் ஏதோ அசைவது தெரிந்தது. குனிந்து பார்த்தேன். கடுகளவுப் பூக்கள், இரண்டு மூன்று, பிறகு அந்தப் பக்கம் முழுக்க, விரிந்து நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தன. சந்தோஷத்தில் என்னை அறியாமல் கத்திவிட்டேன். "ஜிவ்கா, ஓடியா, இங்க வந்து பாரு!" என்று.

அடுப்படியிலிருந்து "இதோ வரேன்" என்று குரல் வந்தது.

பென்காவின் குரல் அம்மாவின் குரல் போலவே இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்களே, அன்றுதான் கேட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் குனிந்து, "எங்க?" என்றாள். விரலால் காட்டினேன். அம்மா செத்துப்போய்விட்டாள் தெமெனுகா. அதை அப்போதுதான் நான் தெரிந்துகொண்டேன். தரையிலேயே உட்கார்ந்து அழுதேன், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பென்கா தடுக்கவில்லை, மிளகாய் கருகும் வாசனை வந்தும் எழுந்து போகவில்லை. பிறகு நான், பெயர் தவறிவிட்டது, மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அதற்கு அவள், "என்னைக் கூப்பிடலன்னு தெரியும் அத்தான். அக்காவைத்தான் கூப்பிட்டீங்க. யாராவது வரேன்னு சொல்லணுமில்ல?" என்றாள்.

அதனால் இந்தக் குளிர்காலத்துக்கு நான் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. தொட்டியை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை என்று ஒக்னியானிடமும் சொல்லிவிட்டேன். பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கியதும் நீங்கள் மூவரும் வாருங்கள், தொட்டி இருக்கும். இன்று மறுபடி அழுதேன், நேற்றும்தான். வலிக்கிறது, மரத்துக் கிடந்ததற்கு இது தேவலை.

கடவுளும் கன்னித் தாயும் உன் கூடவே இருந்து சுகப்பிரசவம் ஆகட்டும், தாயும் பிள்ளையும் பல்லாண்டு வாழவேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, டீயோடு சேர்த்து விழுங்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நானே எடுக்கிறேன். நடுவில் எனக்குப் பேச்சு வராவிட்டால் லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, கொஞ்சம் பொறுத்திரு.

உன் அப்பா,
கிரில்