ஒரே அறையில் படுக்கச் சொன்னார்கள், அத்தை

என் பிரியமான அத்தைக்கு,

உங்கள் மகன் நன்றாக இருக்கிறார் என்று எழுதத்தான் ஆசை. முடியவில்லை. வீட்டில் நடப்பதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். போய்ச் சேர்ந்துவிட்ட உங்களிடம் சொன்னால் அது சத்தியத்தை மீறியதாகுமா? வேறு யாராவது படித்தால் படித்துவிட்டுப் போகட்டும், எனக்கு அலுத்துவிட்டது.

கல்யாணமான புதிதில் அவர் குறட்டைக்கு நான் மிரண்டபோது நீங்கள் சிரித்தீர்கள். "பயப்படாத தாயி, இம்புட்டுச் சத்தம் கேட்டா எந்தத் திருடன் வருவான்?" என்றீர்கள். சத்தம் எனக்குப் பழகிவிட்டது, அத்தை. நடுவில் அது நின்றுபோவதுதான் பழகவில்லை. மூச்சே இல்லாமல் கிடப்பார். பிறகு தண்ணீரில் முங்கி எழுந்தவர் போலத் திணறி இழுப்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

போன வருடம் கப்பலூர்ப் பட்டறையில் வேலை முடிந்து வரும்போது பைக்கிலேயே கண்ணயர்ந்து, சாலைத் தடுப்பில் மோதிவிட்டார். மாடு குறுக்கே வந்ததாக எல்லோரிடமும் சொன்னோம். டாக்டர்தான் கண்டுபிடித்தார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் வியாதியாம். முகத்தில் மாஸ்க் மாட்டி, காற்றை உள்ளே தள்ளும் மெஷினோடுதான் இனித் தூங்க வேண்டும், விட்டால் இதயத்தைப் பாதிக்கும் என்றார்.

மாட்டினார். ஆனால் என் முன்னால் மாட்டமாட்டாராம். "ஐசியூல கெடக்கிறவன் மாதிரி இருக்கேன். இந்தக் கோலத்துல நீ என்னையப் பாக்க வேணாம், செல்வி" என்று பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் காலையில் எழுந்து வரும் ஆளைப் பார்க்க வேண்டுமே. தலைவலி இல்லை, எரிச்சல் இல்லை. சட்னியில் உப்பு இல்லை என்று வம்புக்கு இழுப்பார். எவ்வளவு காலமாயிற்று அவர் என்னை வம்புக்கு இழுத்து.

அப்போதுதான் சோழவந்தானிலிருந்து உங்கள் மகள் ராணி வந்து தங்கினாள். தங்கச்சி பார்த்துவிடுவாள் என்று அன்றே மெஷினைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மெஷினை ஒளித்தவருக்குப் படுக்கையை ஒளிக்கத் தோன்றவில்லை. அண்ணன் ஓர் அறை, மதினி ஓர் அறை. அவள் எங்களிடம் ஒன்றும் கேட்காமல் மேலூரில் இருக்கும் என் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பியான அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பஞ்சாயத்துக்கு வந்து இறங்கினார்.

"என்னம்மா வெளையாட்டு இது? கொறட்ட விடாத ஆம்பள எவன்? மாப்ளயத் தனியாப் படுக்க வச்சா நாலு பேரு என்ன பேசுவான்?" என்றார் அப்பா.

"எங்கண்ணே மொகமே வாடிப்போச்சு மதினி" என்றாள் ராணி.

இவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். மெஷின் இல்லாமல் நாலைந்து நாளாகக் கெட்ட தூக்கம். நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"பாரு, மாப்ள எம்புட்டு வெள்ளந்தி" என்று அப்பா சிரித்தார். அப்போது சத்தம் நின்றது. அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பட்டப்பகலில், எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர் மூச்சில்லாமல் இருந்தார். என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. ஓடிப்போய்த் தோளை உலுக்கினேன். திணறி விழித்தவர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார், சொல்லிவிடாதே என்று.

சொல்லவில்லை. "இனிமே ஒரே ரூம்லயே படுத்துக்கிறோம்ப்பா" என்றேன். எல்லோருக்கும் நிம்மதி. ராணி பாயசம் வைத்தாள்.

இப்போது ஒரே அறை. நான் இருப்பதால் மாஸ்க்கைத் தொடுவதில்லை. நான் வெளியே போய்ப் படுக்கிறேன் என்றால், "வேணாம், ராணிக்குத் தெரிஞ்சா திரும்பவும் மாமா வந்து நிப்பாரு" என்கிறார். சண்டை போட்டேன், அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். அசையவில்லை. நீங்கள் இருந்து ஓர் அதட்டு அதட்டினால் மாட்டியிருப்பார்.

உங்கள் வீட்டுக்காரர், என் மாமா, தூக்கத்திலேயே போனபோது, கொடுத்துவைத்த மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் மட்டும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அவருக்கும் இப்படித்தான் நின்று நின்று வந்ததா, அத்தை? நீங்களும் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்களா?

விடிய விடிய விழித்திருப்பேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க ஆசைதான். ஆனால் பகலெல்லாம் வேலை பார்த்த உடம்பு, என்னையறியாமல் கண் சொருகிவிடுகிறது. அதனால் முடிந்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் மகன் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் தூங்குவேன்.

உங்கள் தம்பி மகளும் மருமகளுமான
செல்வி