பனிமட்டத்துக்கு ஓரடி மேலே

நவம்பர் 9, டாஃபின்

அண்ணன் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸில் இன்று நானே, எரிக்கக் கூடாது என்ற சிவப்புச் சீட்டைக் கட்டினேன். கேஸையும் அடைத்துவிட்டேன்; ஃபர்னஸ் பார்ப்பதுதானே என் தொழில். நெருப்பு ஓடும் இரும்பு அறையில் விரல் நீளத்துக்கு விரிசல். விஷப்புகை வீட்டுக் காற்றில் கலந்தால் மூக்குக்குக்கூடத் தெரியாது. மாடியில் அண்ணன் மகளும் அவளுடைய மூன்று வாரக் குழந்தையும் இருக்கிறார்கள்.

வசில் அண்ணன் கத்தினான். "அப்பா வச்சதுடி அது! முப்பத்தெட்டு வருஷத்துல யாரு செத்தா?"

"இனிமே யாரும் சாகக் கூடாதுன்னுதான் கட்டுறேன்."

"கூடப் பொறந்தவ செய்ற வேலையா இது?"

ஆமாம். கூடப் பிறந்தவள் செய்யாமல் வேறு யார் செய்வது?

நவம்பர் 10

அண்ணன் வேறு ஆளைக் கூப்பிட்டானாம். அந்த ஆள் வர மூன்று வாரமாகுமாம். வெளியே மைனஸ் பதினெட்டு; நான் வைத்துவிட்டு வந்த இரண்டு மின்சார ஹீட்டர்களை நம்பித்தான் வீடு இருக்கிறது. ஒலேஸ்யா அண்ணி போன் செய்தார்: "அவரு கெடக்காரு. நீயே வந்து புதுசு வை."

வைக்கத்தான் போகிறேன்.

நவம்பர் 11

வீட்டை அளந்தேன். சுவர், ஜன்னல், கூரையில் குளிர் தடுக்கும் பஞ்சு எல்லாம் கணக்குப் போட்டால் அறுபதாயிரம் பி.டி.யு. சூடு போதும். பழையது ஒரு லட்சத்து இருபதாயிரம். அண்ணன் தாளைப் பார்த்துச் சிரித்தான். "பாதிதானா? கோழிக்கூண்டுக்கா வைக்கப் போற?"

பெரிதாக வைத்தால் சட்டென்று சூடேறி நிற்கும், மறுபடி எரியும், சீக்கிரம் கெடும் என்றேன். "நீயும் உன் நோட்டும்" என்று மாடிக்குப் போய்விட்டான். போகட்டும். அறுபதுதான்!

நவம்பர் 13

முடித்தேன். முன்னால் ஆள் நின்று வேலை செய்ய இரண்டரை அடி இடம். புகைக்குழாய்க்கு ஃபர்னஸ் பக்கமாகச் சரிவு, உள்ளே சேரும் தண்ணீர் திரும்பி வடிவதற்கு. புகைக்குழாயும் காற்றுக்குழாயும் வடக்குச் சுவர் வழியே வெளியே, தரையிலிருந்து இரண்டடி. கையேடு கேட்பது பனிமட்டத்துக்கு மேல் ஓரடி. அந்தச் சுவரோரம் ஓரடிப் பனிக்கு மேல் விழுந்து நிற்காது. கேஸ் சோதனை அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

நவம்பர் 30

மைனஸ் இருபத்தொன்பது. வீட்டுக்குள் இருபத்தோரு டிகிரியாம். அண்ணிதான் சொன்னார்.

டிசம்பர் 19

காலையில் அண்ணனே போன் செய்தான். "உன் கோழிக்கூண்டு அடுப்பு செத்துப்போச்சு. புள்ளைக்குக் கையெல்லாம் சில்லுனு இருக்கு. அப்பவே சொன்னேன்ல?"

ஓடினேன். ஃபர்னஸின் சின்ன விளக்கு மும்மூன்று தடவை மினுக்கியது. காற்று வழி அடைப்பு என்று அதற்கு அர்த்தம். வடக்குச் சுவருக்குப் போய்ப் பார்த்தால் — குழாயையே காணோம்! ஜன்னல் விளிம்புவரை பனி, மண்வெட்டியால் தட்டித் தட்டிக் கெட்டியாக.

ஐயோ. டிசம்பர் வந்தால் வீட்டைச் சுற்றிப் பனியை அணைத்து வைப்போமே, குளிர்காற்று அடியில் புகாமல் இருக்க. அப்பா செய்தார். சின்ன வயதில் நானும் அள்ளிப் போட்டிருக்கிறேன். வானத்திலிருந்து விழும் பனியைக் கணக்கில் எடுத்தேன், நாங்களே அள்ளி வைக்கும் பனியை எடுக்கவில்லை. எப்படி மறந்தேன்? என் புத்தி எங்கே போச்சு?

அண்ணன் பின்னால் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. "நான்தான் மூடிட்டேனா?"

ஆமாம் என்றிருந்தால் நம்பியிருப்பான். அந்த 'ஆமாம்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது, இங்கே மறைப்பானேன்.

"இல்லண்ணே, தப்பு என்னோடது. இந்த வீட்டுல வளந்தவ நான். நீ பனி அணைப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

திட்டுவான் என்று நின்றேன். அவன் போய் இன்னொரு மண்வெட்டி கொண்டுவந்தான். தோண்டினோம். பதினொரு மணிக்கு ஃபர்னஸ் மறுபடி எரிந்தது.

டிசம்பர் 20

இரண்டு குழாயையும் சுவருக்கு வெளியே நாலரை அடிக்கு ஏற்றினேன். விரல் மரத்துப்போனது. அதிகாரியை மறுபடி வரவழைத்து, நடந்ததைச் சொல்லி, கையெழுத்து வாங்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது. அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "விழுந்து தொலைக்காத" என்றான்.

ஜனவரி 6

எங்கள் பழைய நாட்காட்டிப்படி நாளைதான் கிறிஸ்துமஸ்; இன்றிரவு விருந்துக்கு அண்ணன் வீடு. வடக்குச் சுவரில், குழாய்க்கு ஓரடி கீழே ஒரு சிவப்புப் பலகை அடித்திருந்தது. அண்ணன் அணைத்த பனி அதற்குக் கீழேயே நின்றது.

கோதுமையில் தேன் கலந்த குத்யா கிண்ணம் சுற்றி வரும்போது பக்கத்து வீட்டு போதன் தன் புது ஃபர்னஸ் பேச்சை எடுத்தார். கடைக்காரன் ஒரு லட்சத்து இருபதாயிரம் போடச் சொன்னானாம்.

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தான். "அளக்காமலா சொன்னான்? அவன் கெடக்கான், விடு. என் தங்கச்சியக் கூப்பிடு. அவ தப்பு பண்ணா அவளே வந்து சொல்லிடுவா."

திங்கட்கிழமை போதன் வீட்டை அளக்கப் போகிறேன். முதலில் கேட்க வேண்டியது: பனியை எவ்வளவு உயரத்துக்கு அணைப்பீர்கள்?