சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும் நர்சிங் ஹோம்

எங்கே இருந்தாலும் என் பேச்சுக்குக் காது கொடுக்கும் அம்மாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. அக்கா தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். குழம்பில் உப்பு போதவில்லை என்று உன் குரலிலேயே என்னை அதட்டுகிறாள். கவலையும் ஒன்று உண்டு. குழந்தை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் பார்க்க முடியாது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள்.

எங்கே சேர்ப்பது என்ற பேச்சு வந்ததும், நீ கடைசியாக இருந்த நர்சிங் ஹோமை அத்தான் சொன்னார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். செவுத்துக்கு அந்தாண்ட தறி ஓடிக்கினே இருந்தா, நெசவுக்காரி காலு எப்பிடி சும்மா கெடக்கும்? அந்த சத்தந்தான் அவள கொன்னுச்சு."

மறுநாள் அவரே என்னிடம் வந்தார். "நீதானேம்மா அவகூட இருந்த. அந்த எடம் நல்லதா, பொல்லாததா, நீயே சொல்லு. மெட்ராசுக்குப் போணும்னாலும் போலாம்."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. அக்காவின் உயிர் விஷயம். அதனால் உன்னை எதிரில் வைத்துக்கொண்டு யோசிக்கிறேன்.

சத்தம் உண்மைதான். பக்கத்து வீட்டுத் தறி ஓடத் தொடங்கினால், எலும்பு முறிந்து கட்டுப்போட்டிருந்த உன் கால் தறியின் மிதிகட்டையைத் தேடி அசையும். ரோசம்மா சிஸ்டர் ஓடி வந்து இரண்டு பக்கமும் மணல் மூட்டையை அணைத்து வைப்பார். "யம்மா, முந்தானிய அப்புறம் நெய்யலாம், தறிய விட்டு எறங்கு" என்பார். "காலு எம்பேச்ச கேட்டா நான் ஏம்மா இங்க வந்து கெடக்கறேன்?" என்பாய் நீ. வார்டே சிரிக்கும். ஆனால் இரண்டே நாளில் உன் கட்டிலைத் தெருப்பக்கத்து ஜன்னலுக்கு மாற்றிவிட்டார்களே! அப்பா அதை ஏன் மறந்தார்?

உன் ஒரு பக்கம் சின்ன காஞ்சிபுரத்து மாமி, மறுபக்கம் முசரவாக்கத்தில் கூலிக்கு நாற்று நடும் பெண். நீங்கள் எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே வெந்நீர், ஒரே வெளுத்த விரிப்பு. உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது பார்த்தேன். அத்தனை நாள் படுத்தே கிடந்தும் உன் முதுகில் ஒரு புண் இல்லை. எத்தனை முறை உன்னைப் புரட்டிப் படுக்க வைத்திருப்பார்கள்? அந்த முதுகை நினைக்கும்போதெல்லாம் அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

குறையும் சொல்ல வேண்டும். இருப்பது ஒரே டாக்டர். அவர் வெளியூர் போனால், திரும்பும்வரை சிஸ்டர்தான் எல்லாம். தண்ணீர் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் வரவேண்டும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். காய்ச்சல் கண்டபின் நீ தினமும் எங்களைக் கேட்டாய், "எனக்கு என்னவாம்?" டாக்டரம்மா வந்து உன் கன்னத்தைத் தட்டி, "சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, அப்பாவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் போவார். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதை அப்பாவிடமே சொல்லிவிட்டேன்.

"நுரையீரல்ல சளி கட்டிக்கினு இருக்குது, பொழைக்கறது கஷ்டம், பேஷண்ட்டுக்குத் தெரிய வேணாம்னாங்க. என் தலையில போட்டுட்டுப் போயிட்டாங்க. உங்கம்மா மூஞ்சப் பாத்துக்கினு நான் எப்பிடிமா இருந்தேன்? யார்கிட்ட சொல்லுவேன்? தறி மேல கோவப்பட்டுக்கினு இருந்துட்டேன்."

உனக்குத் தெரிந்திருந்ததா அம்மா? தெரிந்துகொண்டுதான் அப்பாவைக் கேட்காமல் எங்களைக் கேட்டாயா?

நேற்று அக்காவை அங்கே கூட்டிப்போனேன். டாக்டரம்மா நிதானமாக, வலிக்காமல் வயிற்றைத் தடவிப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வழக்கம்போலக் கதவுப் பக்கம் திரும்பினார். "வீட்டு ஆம்பளைங்க யாரு வந்திருக்காங்க?"

"அக்கா இருக்காங்க டாக்டர். அவங்ககிட்டயே சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"பயந்துடுவாம்மா."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "ஒண்ணும் தெரியாம படுத்துக்கினு இருந்தாத்தான் டாக்டர் பயம்."

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு துண்டைச் சுருட்டி மடியில் வைத்து, குழந்தை எப்படிக் கிடக்கிறது, வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து கையால் எப்படித் திருப்பப் பார்ப்பார், திரும்பாவிட்டால் ஏன் ஆபரேஷன் என்று காட்டினார். அக்கா கேள்வி மேல் கேள்வி கேட்டாள். "நீங்க வெளியூர் போயிட்டா?" என்றுகூடக் கேட்டுவிட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "உன் புள்ள பொறக்கறவரைக்கும் ஊர்லதான் இருப்பேன், போதுமா?" தன் பழக்கத்தை அந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ள எத்தனை பெரியவர்களால் முடியும்?

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைக் கேட்கவில்லை, அக்காவைக் கேட்டார். ஆபரேஷன் உட்பட எல்லாவற்றையும் அவள் சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கெழம நானும் வரேன்" என்றார்.

மெட்ராஸ் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது அம்மா. எது நடந்தாலும் அக்காவின் முகத்தைப் பார்த்து அவளிடம்தான் முதலில் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் இளைய மகள்,
செல்வி