தண்ணீரும் வலியும் சேர்ந்தால்

அக்டோபர் 14, செவ்வாய்

பக்கவாதத்தில் பேச்சுப் போன அப்பாவுக்காக நான் செய்த பெட்டியைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர், வலி, ஃபேன் என்று மூன்று பொத்தான்கள். எதை அமுக்கினாலும் பெட்டி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். உள்ளே இருக்கும் சிப்பில் பொத்தானை இணைக்க ஒரே ஒரு கால்தான், ஒரு பின்தான், மிச்சமிருந்தது. அதனால் பொத்தானுக்கு ஒன்றாக வெவ்வேறு அளவு ரெசிஸ்டர் வைத்து மூன்றையும் அதிலேயே சேர்த்திருந்தேன். எந்தப் பொத்தான் என்பதை வோல்ட்டேஜ் காட்டிவிடும்.

சாயங்காலம் மெழுகுவர்த்தி அணையாமலிருக்க ஃபேனை நிறுத்திவிட்டு, அப்பாவின் கட்டிலுக்கு முதுகு காட்டி முழங்காலில் நின்று செபமாலை சொன்னோம். நடுவில் ‘ஃபேன்’ என்று பெட்டி கூப்பிட்டது.

“அப்பாக்கு வேர்க்குது போல. செபம் முடியட்டு மக்கா,” என்றாள் அம்மா. நானும் எழும்பவில்லை.

முடித்துத் திரும்பினால், தண்ணீரையும் வலியையும் இரண்டு விரலால் சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் பார்வை மாத்திரை அட்டையின்மேல் இருந்தது. மாத்திரைக்கு நான் பொத்தான் வைக்கவில்லை. அவரே ஒன்றை உண்டாக்கியிருக்கிறார்.

இரண்டையும் சேர்த்தால் வரும் வோல்ட்டேஜ் ஃபேனுக்குரிய இடத்தில் போய் விழுகிறது. நான் தனித்தனியாக மட்டுமே சோதித்திருந்தேன்.

ரெசிஸ்டரை மாற்றியாகிவிட்டது. மாத்திரை போட்டு அப்பா தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் ஒன்றைச் சொல்லவில்லை. நேற்று மத்தியானமும் ‘ஃபேன்’ என்றுதான் கூப்பிட்டது. வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனேன். மறுபடியும் அமுக்கினார். இன்னும் கூட்டினேன்.