அண்ணாச்சியின் பதினோரு நிமிடம்

நாள் 211, காலை 07:10
செவ்வாய், மூன்றாம் குடியிருப்பு. எழுதுவது ஜெசிந்தா மச்சாடோ, கடல் உயிரியல்.
என் அறையில் உள்ள தொட்டி: 200 லிட்டர். வெப்பம் 25.4. உப்பு சரியான அளவில். தாய்ப் பவளம் ஒன்று. காளான் வடிவத் தோல் பவளம், எலும்பில்லாத மென்பவள இனம். ஊர்க் கடலில் இப்போது இது இல்லை. கத்தியால் வெட்டிக் கல்லில் ஒட்டினால் ஒவ்வொரு துண்டும் தனிப் பவளமாகும். இன்று பன்னிரண்டு துண்டு வெட்டினேன்.
நாள் 230இல் மதிப்பீடு. ஆறு துண்டாவது கல்லைப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தொட்டியை வடித்துக் குடிநீரில் சேர்த்துவிடுவார்கள்.

நாள் 212, காலை 08:30
பசை பிடிக்கவில்லை. வெட்டிய இடத்தில் சளி வழிகிறது. ஏழு துண்டுகள் கழன்று மிதக்கின்றன. ஒன்றை மோட்டார் இழுத்து அரைத்துவிட்டது. இருபது வருடம் படித்தவளுக்கு ஒரு துண்டுப் பவளத்தைக் கல்லில் நிறுத்தத் தெரியவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

நாள் 213, காலை 09:00
தூத்துக்குடியில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் தொம்மை அண்ணாச்சியை எனக்கு ஆலோசகராகப் போட்டிருக்கிறார்கள். வீட்டு மாடியில் தொட்டி வைத்து மென்பவளம் பெருக்கியவர். அவருடைய செய்தி:
"டாக்டரம்மா, நல்லாயிருக்கியளா? இங்க மழையவே காணும். பசையெல்லாம் அதுக்கு ஒட்டாது. கொசுவலைத் துணிய மேல மூடி ரப்பர் மாட்டி விடுங்க. பெறவு அஞ்சு நாளைக்கு அந்தப் பக்கமே போவாதிய. கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."
செவ்வாயில் கொசுவலைக்கு எங்கே போவது? வெங்காயம் வந்த வலைப்பையைக் கிழித்துக் கட்டினேன்.

நாள் 216, காலை 07:45
சும்மா இருக்க முடியவில்லை. நேற்று மூன்று முறை வலையை அவிழ்த்துப் பார்த்தேன். அதில் இரண்டு துண்டு பிய்ந்து வீணாயின. தப்பு என்னுடையதுதான். மிச்சம் ஒன்பது.
தாய்ப் பவளம் சுருங்கி, மெழுகு பூசியதுபோல் பளபளக்கிறது. செத்துக்கொண்டிருக்கிறதா? போதாக்குறைக்கு, கல்லோடு ஒட்டி வந்த பொத்தான் பவளம் பெருகித் துண்டுகளை நெருங்குகிறது. சின்னச் சின்னப் பழுப்புப் பொத்தான்கள். இரண்டையும் பற்றி அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறேன்.

நாள் 217, காலை 11:20
பதில் வந்துவிட்டது. பதினோரு நிமிடக் குரல்பதிவு! நாளை முதல் பூமிக்கும் நமக்கும் நடுவில் சூரியன். பதினான்கு நாளைக்குத் தொடர்பு இருக்காது. அது தெரிந்தும் மனிதர் தங்கச்சி மகன் கல்யாணத்தில் ஆரம்பிக்கிறார். இறால் பந்தியில் பத்தவில்லையாம். மூன்றாம் நிமிடத்தில்தான் விஷயத்துக்கு வந்தார்:
"தாய் சாவல டாக்டரம்மா. பாம்பு மாதிரி சட்ட உரிக்குது. பொத்தானப் பத்திக் கேட்டிய, அதுக்கு முன்னால எங்க மச்சினன் கத ஒண்ணு சொல்லணும்."
நான்காம் நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். மச்சினன் கதை கேட்க எனக்கு நேரமில்லை.

நாள் 219, காலை 10:15
பொத்தான்கள் நான்கு துண்டுகளைத் தொட்டுவிட்டன. பொத்தான்கள் குடியிருக்கும் கல்லை மட்டும் வெளியே எடுத்துப் பல் துலக்கும் தூரிகையால் தேய்த்தேன். போகவில்லை. வீட்டில் மீன் சட்டி அடிப்பிடித்தால் அம்மா கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவாள். நானும் அதையே செய்தேன். அறை முழுக்க ஆவி. பொத்தான்கள் வெளுத்துச் சுருங்கின. இதற்கா இத்தனை நாள் அல்லாடினேன்?

நாள் 219, பிற்பகல் 13:40
நாக்கில் தகரத்தை நக்கியதுபோல் கசப்பு. தும்மல், இருமல், குளிர். காய்ச்சல் 39. இருநூறு நாளாக இங்கே புதிதாக யாரும் வரவில்லை. யாரிடமிருந்து ஒட்டியிருக்கும்?

நாள் 219, பிற்பகல் 15:05
அண்ணாச்சி பதிவின் மிச்சத்தைக் கேட்டேன். எட்டாம் நிமிடம்:
"பொத்தானு இருக்குல்லா, அதுல மட்டும் வெந்நி ஊத்திராதிய. எங்க மச்சினன் சமையக்கட்டுல வச்சு ஊத்தி, வீட்டுல அஞ்சு பேரும் ஆஸ்பத்திரி. அந்த ஆவியே வெசம். நீங்க சன்னல் இல்லாத எடத்துல இருக்கிய, அதான் ரெண்டு தடவ சொல்லுதேன். வெந்நி வேண்டாம் தாயி."

நாள் 219, பிற்பகல் 15:30
காற்றுக் குழாயை அடைத்துவிட்டேன். கதவு இடுக்கு முழுவதும் ஒட்டுநாடா. நான் வெளியே போனால் இந்தக் காற்றும் என்னோடு வரும். மருந்தறை வெளியே. அங்கேயும் இதற்கு மருந்து கிடையாது.
இங்கே என்னோடு இருக்கும் இருவரும், மீனலோசனியும் இத்ரீசும், பாறை எடுக்கப் போயிருக்கிறார்கள். அவர்கள் வண்டி வானொலிக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. நாளை நண்பகல் திரும்புவார்கள். எனக்கு ஒன்றென்றால் மீனா முதலில் கதவைத் திறப்பாள், பிறகுதான் யோசிப்பாள். அதனால் இந்தக் குறிப்பைக் கதவுக் கண்ணாடியில் வெளியே தெரியும்படி ஒட்டுகிறேன். இனி எழுதுவதும் இங்கேயேதான்.

நாள் 220, காலை 06:50
கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. பேனா நிற்கவில்லை. பயமாக இருக்கிறது.
தாய் சட்டை உரித்துவிட்டது. விரிந்து நிற்கிறது. வலைக்குள் ஏழு துண்டு கல்லைப் பிடித்திருக்கிறது. நான்கு நாள் நான் வலையைத் தொடவில்லை. அவ்வளவுதான் அதற்குத் தேவைப்பட்டது.

நாள் 220, 11:30
மீனா, திறக்காதே. ஆவி படிய எத்தனை நாள் ஆகுமென்று தெரியாது. அண்ணாச்சி சொல்லியிருக்கலாம். அவர் பதிவின் கடைசி இரண்டு நிமிடம் நான் கேட்கவில்லை. தலை சுற்றிற்று. பதிவை உன் மேசைக் கணினிக்கு அனுப்பியிருக்கிறேன். முழுதாகக் கேள்.
ஏழு துண்டு என்று மதிப்பீட்டில் எழுது.
என்னால் பொறுக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். நான் தட்டுவேன். இதற்குக் கீழே நான் எதை எழுதினாலும் நம்பாதே.

நாள் 220, 12:25
வண்டிச் சத்தம் கேட்கிறது

நாள் 220, 12:40
மீனா. இப்போது பரவாயில்லை. காற்று சுத்தமாகிவிட்டது. கதவைத் திற.