அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லை

போன வாரம் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வெரிஃபிகேஷனுக்குப் போயிருந்தேன். போலீஸ் வேலைக்குத் தேர்வான ஒரு பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுத வேண்டும். வாசலில் நின்ற அம்மாள் என் காக்கியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இங்கன இல்லையே தாயி" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, உள்ளேயிருந்து குப்பென்று தைல வாசம் வந்தது. ஓடுகிற பிள்ளைகள் கெண்டைக்காலில் தேய்க்கிற அதே தைலம். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே உன் ஞாபகமும் வந்து சிரிப்பை நிறுத்திவிட்டது.

அந்தத் தைலத்தை நாம் பங்கு போட்டுத் தேய்த்தவர்கள். நான் திருமங்கலத்துக்கு மேற்கே வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண், நீ கோரிப்பாளையத்துத் தையல்காரர் மகள். போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகிய மைதானத்தில் முதல் நாளே என்னைப் பார்த்து, "எம்புட்டு வேகமா ஓடுற! வீட்டுல யாரும் வெரட்டுறாங்களா?" என்று கேட்டாய். எதைப் பார்த்தாலும் உனக்கு ஒரு கேள்வி இருக்கும். உன் அம்மா தினமும் அவித்த முட்டை கொடுத்துவிடுவார், எனக்கும் சேர்த்து. உன் தையல்கார அத்தா காலமான பிறகு வீட்டில் நீங்கள் இருவர்தான். உன்னை அவர் தடுத்ததே இல்லை. ஓடாதே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இருவரும் தேர்வானோம். எனக்குப் பயிற்சிக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது, உனக்கு வரவில்லை. அலைந்து திரிந்து விசாரித்ததில் காரணம் தெரிந்தது. வெரிஃபிகேஷனுக்கு வந்த போலீஸ்காரர் தெருமுனையில் ஒரு பெண்ணிடம் உன் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லை என்று அந்தப் பெண் சொல்ல, வெயிலுக்கு அலுப்புப்பட்ட மனிதர் அதையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கேட்டதும் நீ முதலில் சிரித்தாய். "என்னைய பொறக்கவே இல்லைன்னுட்டாங்கடி" என்றாய். பிறகு பஸ் ஸ்டாப்பில் வைத்து என் தோளில் சாய்ந்து அழுதாய். அந்த வருஷம் விட்டால் உனக்கு வயது தாண்டிவிடும்.

இரண்டு நாள் கழித்து உங்கள் தெருவே கிளம்பி ஸ்டேஷனுக்கு வந்ததை என்னால் மறக்க முடியாது. வாழ்நாளில் அந்தப் படி ஏறாத ஜனங்கள். பள்ளிவாசலுக்குள் போகிற மாதிரி செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். "இப்ப இம்புட்டுப் பேர் வந்து இருக்கான்னு சொல்றீங்களே, அன்னைக்கு ஏன்யா இல்லைன்னு சொன்னீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். உங்கள் தெரு முட்டைக்கடைப் பெரியவர்தான் வாய் திறந்தார்.

"அய்யா, காக்கிச்சட்டை வந்து ஒரு பொட்டப்புள்ள பேரச் சொல்லி இருக்காளான்னு கேட்டா, ஆமா இருக்கான்னு எவனாச்சும் காட்டிக் குடுப்பானா?"

இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு தாங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்த உன் அம்மா, உன் கையைப் பிடித்து மேசைக்கு அருகே இழுத்து நிறுத்தினார். "இது என் புள்ளதாங்க. நல்ல புள்ள. எழுதிக்கங்க" என்றார். ஏட்டய்யா எழுதி முடிக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.

வேலை கிடைத்தது. பயிற்சி, பிறகு ஆயுதப்படையில் பாராவும் பந்தோபஸ்துமாக ஓடிய வருஷங்கள், அதற்கப்புறம் லோக்கல் ஸ்டேஷன். சொந்த ஏரியாவில் போடமாட்டார்கள் என்பதால் உனக்குத் திருநகர்ப் பக்கம், எனக்குக் கொட்டாம்பட்டி. அதில் உனக்கு ஒரு குறை உண்டு. உன் தெருவை விசாரிக்கிற அதிகாரம் உனக்குக் கடைசிவரை வரவில்லையே!

உன்னை இல்லை என்று சொன்ன அந்தப் பெண் யார் என்பதுதான் நீ முடிக்காத ஒரே கேஸ். அந்தப் போலீஸ்காரருக்கு முகம் ஞாபகமில்லை. லீவு நாளெல்லாம் தெருவில் ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே துருவுவாய். எல்லோரும் "நான் இல்லம்மா, அல்லா மேல ஆணை" என்பார்கள். பக்கத்து வீட்டு மாமிமேல் கொஞ்ச நாள் சந்தேகம். பிறகு கறிக்கடைக்காரர் சம்சாரம் மேல். கண்டுபிடித்து என்னடி செய்யப் போகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "பிரியாணி வாங்கிக் குடுக்கணும். எனக்காக போலீஸ்கிட்டயே பொய் சொல்லியிருக்கு. அம்புட்டுப் பாசம் யாருக்குடி என்மேல?" என்றாய்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள் திரும்பி வரவில்லை. எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போகிற ஆளா நீ?

உனக்காக நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதியபோது வந்திருந்தேன். எல்லோரும் போன பிறகு உன் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பிறகு, "அந்தப் போலீஸ்காரரு என்கிட்டதாம்மா கேட்டாரு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"தெருமுனைக் கறிக்கடையில நின்னேன். எதுக்குக் கேக்குறாருன்னு எனக்குத் தெரியும். எம் மகதான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். இவளும் போயிட்டா எந்த ஊர்ல கொண்டுபோயி போடுவாங்களோ, நான் வீட்ல ஒத்தையில கெடக்கணுமேன்னு நெனச்சேன். இல்லைன்னு வந்துருச்சு."

"அப்புறம் ஸ்டேஷனுக்குத் தெருவையே கூட்டிட்டு வந்தது?"

"நான்தான். வேலை இல்லைன்னு ஆயிப்போச்சு, அழுதுட்டுப் படுத்தா. மறுநா விடியக்காலைல எந்திரிச்சு எப்பவும்போல ஓடப் போயிட்டாம்மா. எதுக்கு ஓடுறான்னு அவளுக்கே தெரியாது. அதப் பாத்துட்டு எப்படி நான் சும்மா கெடக்குறது?"

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அன்றிலிருந்து ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். திருடன் சொல்கிற முதல் வார்த்தையிலேயே பொய்யைப் பிடிக்கிறவள் நீ. தெரு முழுக்க விசாரித்தாய், வீட்டுக்குள் மட்டும் ஒருநாளும் விசாரிக்கவில்லை. தோன்றாமலா விட்டாய்? இல்லை, எப்போதோ தெரிந்துகொண்டு, அம்மா காதில் விழுகிற மாதிரி அந்தப் பிரியாணிக் கதையைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாயா? இரண்டையும் செய்யக்கூடிய ஆள்தான் நீ.

அன்று கிளம்பும்போது உன் அம்மா என் கையை விடவில்லை. "அவளுக்குத் தெரியுமாம்மா?" என்றார்.

"தெரியும்மா. என்கிட்டச் சொல்லியிருக்கா."

"கோவிச்சுக்கிட்டாளா?"

"இல்லம்மா. சிரிச்சா."

அவர் பிடி தளர்ந்தது. யோசிக்காமல், அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். உனக்குத் தெரியும் என்று நான் சொன்னது பொய்யா, நிஜமா? உன்னைத் தவிர யாரிடம் போய் விசாரிப்பேன்?